பூட்டிய வீட்டுக்கு மூன்று பெட்டிகள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வீட்டிலிருந்தே தொழில் செய்யும் பெண்களைப் பற்றித் தங்கள் வணிகப் பக்கத்தில் வரும் கட்டுரைகளை விடாமல் படிப்பவள் நான். மாவின் பதம், பொட்டலம், லேபிள், உணவுப் பாதுகாப்பு உரிமம் எல்லாம் அவற்றில் விரிவாக வருகின்றன. பணத்தை எப்படி வாங்குவது என்பது மட்டும், ‘ஏதாவது ஒரு பேமெண்ட் கேட்வேயில் (இணையத்தில் வாடிக்கையாளரிடம் பணம் வாங்கிக் கடைக்குச் சேர்க்கும் நிறுவனத்தில்) பதிவு செய்துகொள்ளுங்கள்’ என்ற ஒரே வரியில் முடிந்துவிடுகிறது. ஒரு தடவை வாங்கிப் போகிறவருக்கு அது போதும். மாதாமாதம் சந்தா கட்டி வாங்குகிறவருக்குப் போதாது. அதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன்.

தேவகோட்டையில் எங்கள் வீட்டுப் பின்கட்டில்தான் அடுப்பு. தேன்குழல், சீப்புச் சீடை, மணகோலம், மாவுருண்டை, அதிரசம் செய்கிறோம். என்னோடு நான்கு பெண்கள் வேலை பார்க்கிறார்கள். 2021-இல் என் மருமகள் இணையத்தில் கடை திறந்து, மாதம் ஒரு பலகாரப் பெட்டி என்று சந்தா வைத்தாள். கூரியர் செலவோடு 850 ரூபாய். “அத்தை, ஒரு தடவை சம்மதம் வாங்கிட்டாப் போதும், மாசாமாசம் பணம் தானா வந்துரும்” என்றாள். பாக்கி கேட்டு யாருக்கும் போன் செய்ய வேண்டாம் என்பதே எனக்குப் பெரிய நிம்மதியாக இருந்தது. அதனால் தானாகப் பிடிக்கும் வழியை மட்டும் வைத்தோம், வேறு வழியே வைக்கவில்லை. முதல் தவறு அதுதான்.

அந்த வருஷம் அக்டோபர் 1-ஆம் தேதி ரிசர்வ் வங்கியின் புதிய விதி நடைமுறைக்கு வந்தது. அட்டையிலிருந்து மாதாமாதம் பணம் பிடிப்பதற்கு வாடிக்கையாளர் ஓ.டி.பி. போட்டு முதலில் சம்மதம் பதிய வேண்டும். ஒவ்வொரு முறையும் பிடிப்பதற்குக் குறைந்தது 24 மணி நேரம் முன்பே அவருக்குத் தகவல் போக வேண்டும். தொகை 5,000 ரூபாயைத் தாண்டினால் ஒவ்வொரு தடவையும் ஓ.டி.பி. வேண்டும். (2022 ஜூனில் அந்த வரம்பை 15,000 ஆக்கினார்கள்.) நல்ல விதிதான். ஆனால் பழைய சம்மதங்கள் அந்த மாதம் செல்லாமல் போய்விட்டன. எங்களுக்கு இருந்த முப்பத்தெட்டு சந்தாவில் பதினொன்றுக்குத்தான் பணம் வந்தது. அதிரசத்துக்குப் பாகு காய்ச்சி, மாவும் புளிக்க வைத்தாயிற்று. மற்ற இருபத்தேழு பேரையும் ஒவ்வொருவராகக் கூப்பிட்டோம். போனில் பணம் அனுப்ப முடியுமா என்று அவர்களே கேட்டபோதுதான், வேறு வழி ஒன்றையும் திறந்து வைக்காமல் இருந்தது எனக்கு உறைத்தது.

பிறகு பெயரில் ஒரு குழப்பம். பணம் பிடிக்கப்போவதாக வரும் முன்னறிவிப்பில் கடையின் பெயர் இருக்காது, பதிவில் என்ன பெயர் கொடுத்தோமோ அது இருக்கும். நாங்கள் என் வங்கிக் கணக்கில் உள்ள பெயரைக் கொடுத்திருந்தோம். பலகாரக் கடையின் பெயரை மட்டும் தெரிந்தவருக்கு என் பெயரும் இனிஷியலும் யாரென்று தெரியுமா? பெங்களூரில் வேலை பார்க்கும் ஒரு பையன் மோசடி என்று பயந்து வங்கியில் புகார் கொடுத்துவிட்டான். அவன் செய்ததில் தப்பே இல்லை. சந்தா வைக்கிற எந்தக் கடையும் முதல் சந்தாவைத் தன் வீட்டு ஆள் ஒருவர் பெயரில் போட்டு, அவர் போனுக்கு என்ன வாசகம் வருகிறது என்று பார்த்துவிட்டுத்தான் அடுத்தவரிடம் பணம் வாங்க வேண்டும்.

இனிச் சொல்லப்போவதுதான் இந்தக் கடிதத்துக்கே காரணம். பள்ளத்தூரில் தனியாக இருந்த ஓர் ஆச்சிக்கு (எங்கள் பக்கம் பெண்களை மரியாதையாக அப்படித்தான் கூப்பிடுவார்கள், என்னையும்தான்), சிங்கப்பூரில் இருக்கும் மகன் சந்தா கட்டியிருந்தார். எங்கள் பகுதியில் இது சாதாரணம். தின்பவர் இங்கே இருப்பார், பணம் கட்டுபவர் கடலுக்கு அப்பால் இருப்பார். அந்த ஆச்சிக்குப் பல் இல்லை. அதனால் தேன்குழலைக் குறைத்து மாவுருண்டையைக் கூட்டி அனுப்புவோம். போன வருஷம் உடம்புக்கு முடியாமல் சென்னைக்கு மகள் வீட்டுக்குப் போனவர் அங்கேயே தவறிவிட்டார். எங்களுக்குத் தெரியாது. மாதாமாதம் பணம் வந்தது, பெட்டியும் போனது. மூன்றாவது பெட்டியைக் கொண்டுபோன கூரியர் பையன்தான், “ஆச்சி, அந்த வீடு பூட்டிக் கெடக்கு, முன்னாடி குடுத்த ரெண்டு பெட்டியும் பக்கத்து வீட்லயே பிரிக்காம இருக்கு” என்று போனில் சொன்னான். மகனைக் கூப்பிட்டேன். “எங்க ஆத்தா போயி மூணு மாசமாச்சு ஆச்சி. இதை நிறுத்தணும்னு எனக்கு ஞாபகமே இல்ல” என்றார். அதற்கு மேல் அவரால் பேச முடியவில்லை. எனக்கும் பேச வரவில்லை.

அவர் கட்டியது சிங்கப்பூர் வங்கியின் அட்டையில். ரிசர்வ் வங்கி சொல்லும் 24 மணி நேர முன்னறிவிப்பு இந்திய வங்கிகள் கொடுத்த அட்டைகளுக்குத்தான், அயல்நாட்டு அட்டைகளுக்கு அந்த விதி இல்லை. உள்ளூர்க்காரருக்கு மாதாமாதம் ஒரு செய்தியாவது வந்து நினைவூட்டும். அவருக்கு அதுவும் வரவில்லை. 2,550 ரூபாயைத் திருப்பி அனுப்பிவிட்டேன். அவர் வேண்டாம் என்றுதான் சொன்னார். இருக்கிறவருக்குப் போக வேண்டிய பெட்டியைப் பூட்டிய வீட்டுக்கு அனுப்பி வாங்கிய காசு என் கல்லாவில் இருப்பதை என்னால் பொறுக்க முடியவில்லை.

அன்றிலிருந்து சந்தாவுக்கான பணவழியை வேறு விதமாகப் பார்க்கிறேன். கடைக்கு எது சுலபம் என்பதை வைத்து முடிவு செய்யக் கூடாது. பணம் கட்டுகிறவர் யார், எங்கிருந்து கட்டுகிறார், நிறுத்த வேண்டும் என்றால் நம்மைக் கேட்காமலே அவரால் நிறுத்த முடியுமா என்பதை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

சென்னை, பெங்களூர்ப் பிள்ளைகளுக்கு, போனில் பணம் அனுப்பும் யு.பி.ஐ.யிலேயே மாதாமாதம் தானாகப் பிடிக்கும் ஆட்டோபேதான் பொருத்தம் என்று இப்போது உறுதியாகச் சொல்வேன். 2020 ஜூலையில் வந்த வசதி அது. எங்கள் 850 ரூபாய், மேலே சொன்ன 15,000 வரம்புக்குள் வருவதால், ஒரு தடவை பின் எண் போட்டுச் சம்மதித்தால் போதும், பிறகு மாதாமாதம் போட வேண்டியதில்லை. முக்கியமாக, அவர்கள் போனிலேயே ஆட்டோபே பகுதிக்குப் போய் எங்கள் சந்தாவை நிறுத்தி வைக்கலாம், அடியோடு ரத்தும் செய்யலாம். எனக்குச் சொல்லக்கூட வேண்டாம். அந்த உரிமை அவர்கள் கையில் இருப்பதால்தான் எனக்கு அந்த வழி பிடிக்கிறது. பணம் பிடிக்கும் தேதியையும் யோசித்து வைக்க வேண்டும். முதலில் 25-ஆம் தேதி வைத்திருந்தோம். மாதக் கடைசி, கணக்கில் பணம் இருக்காது. ஒரு பிள்ளை, “மறுபடி மறுபடி ஃபெயில்னு வருது ஆச்சி, கூச்சமா இருக்கு” என்றது. 5-ஆம் தேதிக்கு மாற்றியபின் பணம் வராமல் போவது வெகுவாகக் குறைந்துவிட்டது.

சம்மதத்தில் எவ்வளவு தொகை போடுவது என்பதிலும் சங்கடம் உண்டு. சரியாக 850 என்று போட்டால், நெய் விலை ஏறி 900 ஆக்கும்போது எல்லோரிடமும் புதிதாகச் சம்மதம் வாங்க வேண்டும், பாதிப் பேர் விட்டுப்போவார்கள். உச்சத் தொகை 1,500 என்று போட்டுக்கொண்டால் தீபாவளி மாதப் பெரிய பெட்டிக்கும் சரியாக இருக்கும், விதியும் அதை அனுமதிக்கிறது. நான் 1,000 என்று போடச் சொன்னேன். ‘உச்சம் 1,000, இப்போது பிடிப்பது 850, விலை கூடினால் பதினைந்து நாள் முன்பே சொல்வோம்’ என்று கடைப் பக்கத்தில், பணம் கட்டும் பொத்தானுக்கு மேலேயே எழுதியிருக்கிறது. தீபாவளிக்கு வேண்டுவோர் தனியாக ஆர்டர் கொடுக்கலாம். பண்டிகை வருமானம் கொஞ்சம் குறையும், குறையட்டும்.

வங்கிக் கணக்கிலிருந்து நேரே பிடிக்கும் இ-நாச் வேண்டாம் என்று விட்டுவிட்டேன். கடன் தவணைக்கும் காப்பீட்டுக்கும் அது சரி. கணக்கில் பணம் இல்லாமல் திரும்பினால் பல வங்கிகள் வாடிக்கையாளரிடம் தண்டம் பிடிக்கும். 850 ரூபாய்ப் பலகாரத்துக்காக ஒருவர் வங்கிக்குத் தண்டம் அழுவதா?

அயல்நாட்டில் இருக்கும் பிள்ளைகளுக்குத் தானாகப் பிடிக்கும் வழியையே எடுத்துவிட்டேன். மாதாமாதம் லிங்க் அனுப்புகிறோம், அல்லது ஆறு மாதத்துக்கு மொத்தமாகக் கட்டலாம். லிங்க் போகும் நாளில் நான் இங்கே இருக்கும் தாய் தகப்பனுக்கும் ஒரு போன் போடுவேன். “என்ன ஆச்சி, இந்த மாசம் சீடை அனுப்பவா?” என்று கேட்டால் கால் மணி நேரம் பேசுவார்கள். வேலைக்கு நடுவே அது சுமைதான். ஆனால் பூட்டிய வீட்டுக்கு இன்னொரு பெட்டி போகவில்லை.

உள்ளூரில் ஸ்மார்ட்போன் இல்லாத ஆச்சிகளுக்குப் பெட்டியை வாங்கிக்கொண்டு காசைக் கையில் கொடுக்கும் வழியை வைத்திருக்கிறோம். வி.பி.பி.யில் புத்தகம் வரவழைத்துத் தபால்காரரிடம் பணம் கட்டிய தலைமுறை அவர்கள். சாமானைக் கண்ணால் பார்த்தபின் காசு என்பதுதான் அவர்களுக்கு நம்பிக்கை. சில பெட்டிகள் திரும்பி வரும். அதையும் விலையில் கணக்கிட்டுத்தான் ஆக வேண்டும். ஒன்றை மட்டும் செய்யவே கூடாது. உதவி செய்வதாக நினைத்து அவர்களுடைய அட்டை எண்ணையோ ஓ.டி.பி.யையோ போனில் கேட்கக் கூடாது. ஆரம்பத்தில் உறவுக்கார ஆச்சி ஒருவர் சொல்லச் சொல்ல அட்டை எண்ணை நோட்டில் எழுதி வைத்திருந்தேன். 2022 அக்டோபர் முதல் கடைக்காரர்கள் அட்டை விவரத்தைச் சேமித்து வைக்கவே கூடாது என்று விதி வந்ததும் அந்தப் பக்கத்தைக் கிழித்து அடுப்பில் போட்டேன். விதி வரும்வரை அது எனக்குத் தவறாகவே படவில்லை என்பதை நினைத்தால் இப்போதும் மனம் சுருங்குகிறது.

மொத்தமாக வாங்கும் முன்பணத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஆறு மாதப் பணம் சேர்ந்து வந்தால் கடலை எண்ணெயும் அரிசியும் மொத்தமாகப் பிடிக்கலாம், அந்த ஆசையில் நிறையப் பேரிடம் வாங்கத் தோன்றும். எங்கள் ஐயா பர்மாவில் வட்டிக்கடையில் அடுத்தாளாக (ஏஜெண்டுக்கு அடுத்த நிலை ஆளாக) இருந்தவர். வந்த பணம் வேறு, நம் பணம் வேறு என்று பேரேட்டைக் காட்டிச் சொல்வார். அனுப்பாத பெட்டிக்கு வாங்கிய பணம் நாம் பட்ட கடன்தான். அதனால் முன்பணத்துக்கு வங்கியில் தனிக் கணக்கு வைத்து, பெட்டி போகப் போக அந்தந்த மாதத்துக்கு உரியதை மட்டும் எடுக்கிறேன். யாராவது நடுவில் நிறுத்தினால் மீதியைத் திருப்பிக் கொடுக்க அன்றைக்கே கையில் இருக்கிறது.

செலவுக் கணக்கும் உண்டு. வங்கிக் கணக்கிலிருந்து யு.பி.ஐ.யில் வரும் பணத்துக்கு 2020 ஜனவரி முதல் வங்கிகள் கடைக்காரரிடம் கழிவு பிடிப்பதில்லை. ஆனால் ஆட்டோபே ஏற்பாட்டுக்குக் கேட்வே நிறுவனம் தன் சேவைக் கட்டணத்தைத் தனியாக வாங்கும். அயல்நாட்டு அட்டைக்கு இன்னும் கூடுதல். கையெழுத்துப் போடும் முன் அந்தப் பட்டியலைப் படித்துவிட வேண்டும்.

வாடிக்கையாளராகவும் எனக்கு ஒரு வருத்தம் இருக்கிறது. முழங்கால் வலிக்கு உடற்பயிற்சி சொல்லித்தரும் ஒரு செயலியில் முதல் மாதம் ஒரு ரூபாய் என்றார்கள், சேர்ந்தேன். பிறகு மூன்று மாதத்துக்கு ஒரு முறை 499 ரூபாய் போனது. சேர்வதற்கு ஒரே பொத்தான். விலகும் இடத்தைத் தேட என் மகனுக்கே அரை மணி நேரம் ஆயிற்று. ‘சந்தாப் பொறி’யும் தடை செய்யப்பட்ட தந்திரங்களில் ஒன்று என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30-இல் வெளியிட்ட வழிகாட்டு நெறிகளில் இருக்கிறது. 1915 என்ற எண்ணில் புகார் சொல்லலாம். எனக்கு அது அப்போது தெரியாது.

தங்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். போனில் ஆட்டோபே சம்மதங்கள் எங்கே இருக்கும், எதை அமுக்கினால் பட்டியல் வரும், எப்படி நிறுத்துவது என்பதைப் படத்தோடு, பெரிய எழுத்தில், ஒரு ஞாயிற்றுக்கிழமை அரைப் பக்கத்துக்குப் போடுங்கள். எங்கள் ஊர் ஆச்சிகள் போனில் வருவதைப் படிக்க மாட்டார்கள், பேப்பரில் வந்தால் வெட்டிச் சாமி அறையில் வைத்துக்கொள்வார்கள். விடுமுறைக்குப் பேரப்பிள்ளைகள் வரும்போது அதைக் காட்டி, “எம் போன்ல இது என்னென்ன இருக்குன்னு பாருடா” என்று கேட்பார்கள். அந்தப் பட்டியலில் எங்கள் கடை இருந்து, அவர்களுக்கு வேண்டாம் என்றால், அதையும் நிறுத்திவிடட்டும்.

இப்படிக்கு,
பலகாரக் கடை நடத்தும் தங்கள் வாசகி,
தேவகோட்டை.