'ஸ்வயம்' படிப்புக்கு ஒரு பீரியட் ஒதுக்குங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

இணையவழிப் படிப்பை மாணவர்கள் ஒட்டாமல் பார்ப்பதற்குச் சோம்பலே காரணம் என்று ஆசிரியர் அறைகளில் பேசிக்கொள்கிறோம். மத்திய அரசின் இணையவழிப் படிப்புத் தளமான 'ஸ்வயம்'-இல் ஐஐடிகள் வழங்கும் என்பிடெல் படிப்புகளுக்கு, கலை அறிவியல் கல்லூரி ஒன்றில் மென்டராக, அதாவது வழிகாட்டும் ஆசிரியராக இருக்கும் எனக்கு அப்படித் தோன்றவில்லை.

ஒரு தொழில்நுட்பத்தை ஏற்க, அது பயன்படும் என்ற எண்ணமும் கையாள எளிது என்ற எண்ணமும் வேண்டும் என்று ஃப்ரெட் டேவிஸ் என்ற ஆய்வாளர் 1989-லேயே எழுதினார். போனில் வீடியோ பார்க்க எங்கள் மாணவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பயன் என்ற இடத்தில்தான் இடறுகிறது. 'ஸ்வயம்' வழியாக 40 சதவீத கிரெடிட் (பட்டத்துக்குக் கணக்கில் சேரும் புள்ளி) வரை பெறலாம் என்று பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) 2021-ல் விதி கொண்டுவந்தது. சரி, எந்தப் படிப்பு எந்தத் தாளுக்கு ஈடு? அதை நாங்கள் முடிவு செய்வதற்குள் பதிவே முடிந்துவிடுகிறது. மதிப்பெண் பட்டியலில் ஏறுமா என்றே தெரியாத படிப்புக்கு யார் ராத்திரி உட்காருவார்கள்? சேர்வது இலவசம்தான், தேர்வுக்குப் பணம் கட்ட வேண்டும். கூலி வேலைக்குப் போகும் அப்பாவிடம் அதைக் கேட்கவும் தயக்கம்.

புதன்கிழமை இரவு 11.59 அசைன்மென்ட்டுக்குக் கெடு. பத்து மணிக்கு மேல் வாட்ஸ்அப் குழுவில் 'பி, டி, ஏ, சி' என்று விடைகள் வந்து விழும். அசைன்மென்ட்டின் 25 மதிப்பெண் அப்படித் தேறிவிடும். மீதி 75-க்குத் தேர்வு மையத்தில் தனியாக உட்காரும்போதுதான் கை நடுங்குகிறது. அடுத்த பருவத்தில் அந்தப் பிள்ளை பதிவே செய்வதில்லை.

இந்தப் பருவத்தில் வெள்ளிக்கிழமை கடைசி பீரியடை இதற்கென எடுத்துக்கொண்டோம். லேபில் வீடியோவை ஓட்டி, இடையில் நிறுத்தித் தமிழில் பேசுவோம். தமிழ்வழியில் படித்து வந்த மாணவி ஒருத்தி, "சார், அவர் நடத்துறது புரியுது. கேள்வியில என்ன கேக்குறாங்கன்னுதான் புரியல" என்றாள். பாடம்தான் கடினம் என்று நினைத்திருந்த நாங்கள், அப்புறம் கேள்விகளை வாசித்துப் பிரிப்பதற்கே பாதி நேரம் கொடுத்தோம். வாட்ஸ்அப்பில் இப்போது விடைகளோடு "மூணாவது கேள்வி ஏன் பி?" என்ற சண்டையும் வருகிறது. எனக்கு அதுவே பெரிய மாற்றம்.

பல்கலைக்கழகங்கள் ஈடான தாள்களின் பட்டியலைப் பருவம் தொடங்கும் முன்பே வெளியிட வேண்டும். கால அட்டவணையில் வாரம் ஒரு பீரியடாவது வேண்டும். அந்தப் பீரியடை ஆசிரியரின் பணி நேரக் கணக்கிலும் சேர்க்க வேண்டும். எங்கள் கல்லூரியில் இன்னும் சேர்க்கவில்லை.

இப்படிக்கு,
உதவிப் பேராசிரியர் ஒருவர்,
மதுரை மாவட்டம்