கையெழுத்து யாருடையது என்று கேட்ட மகளுக்கு

அன்புள்ள மகளுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும்.

பாகிஸ்தான் பெண்கள் இயக்கத்தைப் பற்றி நீ எழுதும் செமினார் கட்டுரையைப் படித்தேன். நன்றாக உழைத்திருக்கிறாய். ஆனால் அதில் ஒரு வாதம் வைத்திருக்கிறாய். குடும்பச் சட்டத்தை 1961ல் கொண்டுவந்தவர் அயூப் கான், மார்க்கத் தண்டனைகளை அமலாக்கும் ஹுதூத் சட்டத்தை 2006ல் திருத்தியது முஷர்ரஃப் ஆட்சி, இருவருமே ராணுவத் தளபதிகள், ஆகவே அங்கே பெண்களுக்குக் கிடைத்ததெல்லாம் மேலிருந்து வந்தவைதான் என்கிறாய். இதை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. உன்னைப் போல நினைக்கிற பிள்ளைகள் நிறையப் பேர் இருப்பதால் எல்லோரும் படிக்கும்படியே எழுதுகிறேன்.

முதலில், 1961லிருந்து தொடங்காதே. 1937ஆம் வருட ஷரீஅத் சட்டம் உன் பாடப்புத்தகத்திலும் இருக்கிறது, பாகிஸ்தான் சட்டப்புத்தகத்திலும் இருந்தது. வெள்ளைக்காரர்கள் காலத்துச் சட்டம். வாரிசுரிமையில் ஊர் வழக்கம் செல்லாது, மார்க்கச் சட்டமே செல்லும் என்றது. ஆனால் விவசாய நிலத்தை மட்டும் வெளியே விட்டுவிட்டது. பஞ்சாபில் சொத்து என்றாலே நிலம்தான், அப்புறம் பெண்ணுக்கு என்ன பங்கு? நாடு பிரிந்த மறு வருடமே லாகூரில் பெண்கள் சட்டமன்றத்தை நோக்கி ஊர்வலம் போனார்கள். ஜஹானாரா ஷாநவாஸ் போன்றவர்கள் முன்னால் நின்றார்கள். மேற்குப் பஞ்சாபில் விவசாய நிலத்திலும் பெண்ணுக்குப் பங்கு உண்டு என்று 1948லேயே சட்டம் வந்தது. அப்போது எந்தத் தளபதியும் ஆட்சியில் இல்லை.

அடுத்து 1955. பிரதமர் முகமது அலி போக்ரா, மனைவி இருக்கும்போதே தன் செயலாளரை இரண்டாவதாக மணந்துகொண்டார். ராணா லியாகத் அலி கான் 1949ல் தொடங்கிய அகில பாகிஸ்தான் பெண்கள் சங்கம் கொதித்தெழுந்தது. வசதியான வீட்டுப் பேகம்களின் சங்கம் என்று அதை நீ ஒரே வரியில் தள்ளிவிட்டாய். வசதியான வீட்டுப் பெண்கள்தான், மறுக்கவில்லை. ஆனால் அவர்கள் கொடுத்த நெருக்கடியில்தான் அதே வருடம் திருமண, குடும்பச் சட்டங்களுக்கு ஒரு கமிஷன் அமைந்தது. ஏழு உறுப்பினர்களில் மூன்று பேர் பெண்கள். மார்க்க அறிஞரான ஒரே ஒரு ஆலிம் உறுப்பினர் மட்டும் மாற்றுக் கருத்து எழுதினார். 1956ல் வந்த அறிக்கை கிடப்பில் கிடந்தது. அயூப் அதிலிருந்து எடுத்து, கொஞ்சம் நீர்க்கச் செய்துதான் 1961ல் அவசரச் சட்டம் போட்டார். திருமணப் பதிவு, இரண்டாம் திருமணத்துக்கு முன் அனுமதி, தலாக்குக்கு எழுத்துமூல அறிவிப்பு, அதன்பின் 90 நாள் அவகாசம் எல்லாம் அப்படி வந்தவைதான்.

அந்தச் சட்டத்தோடு வந்த நிக்காஹ்நாமா என்ற திருமண ஒப்பந்தப் படிவத்தை நீ கட்டாயம் பார்க்க வேண்டும். அதில் 18ஆம் கட்டம், மணமகளுக்குக் கணவன் தலாக் உரிமையை ஒப்படைத்திருக்கிறானா என்று கேட்கிறது. 'ஆம்' என்று எழுதினால், பிற்காலத்தில் அவள் நீதிமன்றப் படியேறி குலா என்ற மணமுறிவு கேட்டு, கணவன் தர வேண்டிய மஹர் தொகையை விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை. நடப்பு என்ன தெரியுமா? எத்தனையோ நிக்காஹ்களில், பதிவாளர் பெண்ணிடம் கேட்காமலேயே அந்தக் கட்டத்தின் குறுக்கே ஒரு கோடு இழுத்துவிடுகிறார். நல்ல நாளில் தலாக் பேச்சு எதற்கு என்று பெண் வீட்டாரே சும்மா இருந்துவிடுகிறார்கள். சட்டம் கொடுத்ததைப் பேனாக்கோடு பறித்துக்கொள்கிறது. இன்றைக்கும் அங்கே பெண்கள் அமைப்புகள் இந்தக் கட்டத்தைப் பற்றிப் பேசிக்கொண்டே இருக்கின்றன.

இப்போது 1979க்கு வருவோம். இயக்கத்தின் முகம் மாறியது இங்கேதான். ஜியா உல் ஹக், பிப்ரவரியில், ஒரே வீச்சில் ஹுதூத் அவசரச் சட்டங்களைப் போட்டார். ஒரு தளபதி கையெழுத்தில் வந்த உரிமைக்கு இன்னொரு தளபதி கையெழுத்தில் என்ன ஆகும் என்று பெண்கள் கண்ணெதிரே பார்த்தார்கள். 1981ல், தாங்களாக விரும்பி மணந்துகொண்ட ஒரு ஜோடியில் ஆணுக்குக் கல்லெறிந்து மரணம், பெண்ணுக்கு 100 கசையடி என்று தீர்ப்பானது. பிறகு அது நிற்கவில்லை. ஆனால் அந்தத் தீர்ப்பு வந்த வேகத்தில்தான் கராச்சியில் பெண்கள் செயல்பாட்டு மன்றம் பிறந்தது. இன்னொரு வழக்கில், பார்வையற்ற ஒரு வேலைக்காரப் பெண், தன்னைக் கெடுத்துவிட்டார்கள் என்றாள். குற்றம்சாட்டப்பட்டவர்கள் சாட்சி இல்லை என்று விடுதலையானார்கள். கர்ப்பத்தையே அவளுக்கு எதிரான ஆதாரமாக வைத்து, ஜினா எனும் முறையற்ற உறவுக் குற்றத்துக்கு 15 கசையடியும் மூன்று வருடச் சிறையும் விதித்தார்கள். வெளியே எழுந்த கூக்குரலுக்குப் பிறகே ஷரீஅத் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. அல்லாஹ்வின் பெயரால் இப்படி ஒரு தீர்ப்பு எழுத எப்படி மனம் வந்தது என்று இன்றும் எனக்கு ஆறவில்லை.

அப்புறம் சாட்சியச் சட்டம். இரண்டு பெண்களின் சாட்சி ஒரு ஆணின் சாட்சிக்குச் சமம் என்ற வரைவை எதிர்த்து, 1983 பிப்ரவரி 12ல், லாகூர் மால் ரோட்டில் பெண்கள் உயர் நீதிமன்றத்துக்கு மனு கொடுக்கக் கிளம்பினார்கள். ராணுவச் சட்டம் அமலில் இருந்த காலம், கூட்டம் கூடவே தடை. தடியடி, கண்ணீர்ப்புகை, கைது எல்லாம் நடந்தது. ஆனால் 1984ல் சட்டம் வந்தபோது, அந்த விதி எழுத்தில் உள்ள பணக் கொடுக்கல் வாங்கலோடு சுருங்கியிருந்தது. தோற்றுப்போன போராட்டம் என்று நீ எழுதியிருக்கிறாய். வரைவையும் சட்டத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்துவிட்டு மறுபடி எழுது.

நகரத்துப் பெண்களோடு நிறுத்திவிடாதே. அதே எண்பதுகளில் சிந்தி கிராமத்து விவசாயப் பெண்கள் சிந்தியாணி தஹ்ரீக் என்ற பெயரில் ஜியாவுக்கு எதிரான ஜனநாயக மீட்புப் போராட்டத்தில் இறங்கிச் சிறைக்குப் போனார்கள். பேகம்கள் கதை என்பவர்களுக்கு அவர்களே பதில்.

பெண்கள் செயல்பாட்டு மன்றத்துக்குள்ளும் பெரிய விவாதம் நடந்தது. மார்க்க ஆதாரங்களோடு உலமாக்களிடம் வாதாடுவதா, மதத்தை அரசிலிருந்து தள்ளி நிற்கச் சொல்வதா? முதலில் முன்னதைத்தான் செய்தார்கள். பிறகு 1991ல் மதச்சார்பற்ற அரசே தங்கள் நிலைப்பாடு என்று அறிவித்தார்கள். ஐந்து வேளை தொழுகிறவள் என்ற முறையில் சொல்கிறேன், எனக்கு இரண்டுமே வேண்டும். குர்ஆனைப் பெண்கள் கையிலெடுத்துப் படிப்பதை விட்டுவிட்டால், அதற்குப் பொருள் சொல்லும் வேலை முழுக்க ஆண்களிடம் போய்விடும்.

சரி, முஷர்ரஃபுக்கு வருகிறேன். ஹுதூத் சட்டங்களை ரத்து செய்யலாம் என்று 2003லேயே பரிந்துரைத்தது, நீதிபதி மாஜிதா ரிஸ்வி தலைமையிலான தேசியப் பெண்கள் ஆணையக் குழு. பாலியல் வன்முறையைத் தண்டனைச் சட்டத்துக்குத் திருப்பி அனுப்பிய 2006 திருத்தம், இருபது வருடத்துக்கு மேலாகப் பெண்கள் கேட்டுவந்ததில் ஒரு பகுதிதான். முழுசாகக் கூட இல்லை. கையெழுத்து அவர்களுடையது, கோரிக்கை இவர்களுடையது.

மனித உரிமை வழக்கறிஞர் அஸ்மா ஜஹாங்கீரைப் பற்றி நீ இரண்டு வரிதான் எழுதியிருக்கிறாய். பத்தொன்பது இருபது வயதில், தந்தையின் சிறைவாசத்தை எதிர்த்து வழக்குப் போட்டு, தளபதி யஹ்யா கானின் ஆட்சியே சட்டவிரோதம் என்ற தீர்ப்பை 1972ல் வாங்கியவர் அவர். தளபதிகளைப் பற்றிய உன் வாதத்துக்கு இதைவிட நேரான மறுப்பு கிடையாது. அவர் 2018 பிப்ரவரியில் மவுத்தானபோது, லாகூர் கடாஃபி ஸ்டேடியத்தில் நடந்த ஜனாஸாத் தொழுகையில் பெண்கள் ஆண்களோடு ஸஃப்பில் (தொழுகை வரிசையில்) நின்று தொழுதார்கள். தொழவைத்தவர் ஜமாஅத்தே இஸ்லாமி நிறுவனர் மவ்தூதியின் மகன் ஹைதர் ஃபாரூக் மவ்தூதி. அடுத்த மாதமே, மார்ச் 8ல், கராச்சியில் முதல் அவ்ரத் மார்ச், அதாவது பெண்கள் ஊர்வலம், நடந்தது. 'சாப்பாட்டை நீயே சூடு பண்ணிக்கோ' என்ற ஒரு அட்டைக்கு நாடே கொந்தளித்தது. 2020ல் இஸ்லாமாபாதில் ஊர்வலத்தின் மேல் கல் எறிந்தார்கள்.

கட்டுரையைத் திருத்தும்போது கடைசியில் திருமண வயதையும் சேர்த்துக்கொள். 1961ல் பெண்ணுக்கு 14லிருந்து 16 ஆனது. சிந்து சட்டமன்றம் 2014ல் அதை 18 ஆக்கியது. 2025 மே மாதம் இஸ்லாமாபாத் தலைநகர்ப் பகுதிக்கும் 18 என்று நாடாளுமன்றம் சட்டம் போட்டது. சட்டங்கள் மார்க்கத்துக்கு ஒத்தவையா என்று ஆலோசனை சொல்லும் இஸ்லாமியக் கருத்தியல் கவுன்சில் எதிர்த்தும் ஜனாதிபதி கையெழுத்திட்டார். மசோதாவை அவைகளில் முன்னின்று கொண்டுவந்தவர்கள் பெண் உறுப்பினர்கள். திருத்திய பிரதியை அனுப்பு, உம்மாவுக்கும் வாப்பாவுக்கும் என் ஸலாம் சொல்.

அன்புடன்,
சாச்சி