இறைவேண்டல் சங்கம்: செயலரின் ஆண்டறிக்கை, 2025

தலைவர் அவர்களுக்கும், பங்குத்தந்தை அவர்களுக்கும், வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம். வராதவர்களுக்கு அறிக்கையின் நகல் போய்ச் சேரும்.

மாதக் கூட்டங்கள் வழக்கம்போல் நடந்தன. இரண்டு முறை போதிய ஆள் சேராமல் செபத்தோடு கலைந்தோம். ஏப்ரல் 21 அன்று திருத்தந்தை பிரான்சிஸ் மறைந்தபோது கூடிச் செபமாலை சொன்னோம். மே 8 அன்று பதினான்காம் லியோ புதிய திருத்தந்தையாகத் தேர்வானதற்கு நன்றி செலுத்தினோம்.

உயிர்ப்புப் பெருவிழாவுக்கு முன் வரும் நோன்புக் காலமான தவக்காலம் மார்ச் 5, நெற்றியில் சாம்பல் பூசும் திருநீற்றுப் புதனன்று தொடங்கியது. சென்ற ஆண்டுக் குருத்து ஞாயிறன்று மந்திரித்த ஓலைகளை எரித்துத்தான் சாம்பல் எடுக்க வேண்டும். வீட்டில் படத்துக்குப் பின்னால் செருகி வைத்திருப்பதைக் கொண்டுவாருங்கள் என்று மூன்று வாரம் அறிவித்தேன். வந்தது ஒரு கைப்பிடி. வெள்ளிதோறும், இயேசுவின் பாடுகளைப் பதினான்கு தலங்களில் நின்று தியானிக்கும் சிலுவைப் பாதை நடந்தது. முதல் தலத்தில் இருந்த கூட்டம் பதினான்காம் தலத்தில் இல்லை என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

இந்த ஆண்டு நான் முன்னின்று செய்தது தவக்கால அட்டை. நாற்பது கட்டங்கள். ஒவ்வொருவரும் செபம், நோன்பு, தருமம் மூன்றில் ஏதாவது ஒரு முயற்சியைத் தேர்ந்துகொண்டு, கடைப்பிடித்த நாளுக்கு ஒரு குறி போட வேண்டும். நோன்பை மறைவாகச் செய்யச் சொல்லியிருக்கும்போது அட்டை எதற்கு என்று செயற்குழுவில் கேட்டார்கள். அப்படிச் சொல்லும் மத்தேயு நற்செய்தி ஆறாம் அதிகாரம் திருநீற்றுப் புதனன்றே வாசிக்கப்படுகிறது, நானும் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். அட்டையை யாரிடமும் காட்டச் சொல்லவில்லை, திரும்ப வாங்கவும் இல்லை. முதல் வாரத்தில் எடுத்த தீர்மானம் மூன்றாம் வாரத்தில் நினைவில் இருப்பதில்லை, அதற்காகத்தான். என் அட்டையிலேயே அந்த வாரம் ஐந்து கட்டம் காலி.

பிழை வேறிடத்தில் நேர்ந்தது, அதற்கு நானே பொறுப்பு. திருநீற்றுப் புதன் முதல் உயிர்ப்பு ஞாயிறுக்கு முந்திய நாளான பெரிய சனி வரை 46 நாள். ஞாயிறு ஒவ்வொன்றும் உயிர்ப்பின் நாள் என்பதால் ஆறு ஞாயிறுகளைக் கழித்துத்தான் 40 என்று எண்ணுகிறோம். இதை அட்டையில் அச்சிட மறந்துவிட்டேன். ஞாயிறையும் சேர்த்துக் குறித்துக்கொண்டே போனவர்களுக்குக் குருத்து ஞாயிறன்றே நாற்பதும் நிறைந்துவிட்டது. புனித வாரத்துக்குக் கட்டம் இல்லை! பெரிய வியாழனன்று இரவு ஆராதனைக்கு ஏன் வரவில்லை என்று ஒருவரைக் கேட்டேன். “என் அட்டை முடிஞ்சுபோச்சே, செயலரே” என்றார். சிரித்தாரா என்று தெரியவில்லை.

ஒருசந்தி, அதாவது நாளுக்கு ஒரு முழு உணவு மட்டும் கொள்ளும் நோன்பு, பற்றியும் சொல்லியாக வேண்டும். திருநீற்றுப் புதனும் பெரிய வெள்ளியும் 18 வயது நிறைந்தவர் முதல் 59 வயது நிறையாதவர் வரை ஒருசந்தி. இறைச்சியைத் தவிர்க்கும் சுத்தபோசனம் 14 வயது நிறைந்த எல்லாருக்கும். நம் சங்கத்தில் திருச்சபைச் சட்டம் விலக்களித்த பெரியவர்கள்தாம் ஒருசந்தி காத்தார்கள். சட்டத்துக்கு உட்பட்டவர்கள் காரணம் சொன்னார்கள். உடல்நலம் இல்லாதவர்களை நான் சொல்லவில்லை.

கணக்கு: வரவும் செலவும் ஏறத்தாழ ஒத்துப்போயின. சிறு பற்றாக்குறையை இப்போதைக்குப் பொருளாளர் பார்த்துக்கொண்டார். அட்டை அச்சிட்ட செலவு அதில் ஒரு பகுதி மட்டுமே. பதிவேட்டைக் கேட்பவர்களுக்குக் காட்டுவோம், இதுவரை யாரும் கேட்கவில்லை. நோன்பில் மிச்சமானதை ஏழைகளுக்கென இடும் தருமப் பெட்டி நன்றாகவே நிறைந்தது, முழுவதும் உரியவர்களுக்குப் போய்விட்டது. ஆண்டுச் சந்தாதான் பாதிப்பேரிடமிருந்து வரவில்லை. வலக்கை தருவது இடக்கைக்குத் தெரிய வேண்டாம் என்றது தருமத்துக்கு. சந்தா கொடுப்பது பொருளாளருக்குத் தெரிந்தே ஆக வேண்டும்.

பங்குத்தந்தைக்கும், நாற்காலி போட்ட இளைஞர்களுக்கும், சிலுவைப் பாதையில் கடைசித் தலம் வரை நின்றவர்களுக்கும் நன்றி.

அடுத்த தவக்காலம் பதினைந்து நாள் முந்தி, 2026 பிப்ரவரி 18 அன்றே தொடங்குகிறது. புதிய அட்டையில் ஞாயிறுகளைத் தனியாகக் காட்டிவிட்டேன், மாதிரி தயாராக இருக்கிறது. அச்சகத்துக்குக் கொடுக்க வேண்டியதுதான் பாக்கி. பதிவேடு இன்று கூட்டம் முடியும்வரை வாசல் பக்கத்து மேசையில் இருக்கும். பொருளாளரும் அங்கேயே இருப்பார்.

செயலர்