மாப்ளைக்கு, அந்த ஒத்தத் தோட்டா துப்பாக்கி விஷயமா

டேய் மாப்ள,

உன் வாய்ஸ் மெசேஜ் கேட்டேன். எட்டு நிமிஷம் பேசியிருக்க, அதுல ஆறு நிமிஷம் முட்டி வலி, ஒரு நிமிஷம் சம்பந்தி வீட்டுக்காரங்க புராணம், கடைசியில போற போக்குல "ஒரு தடவ சுட்டா மறுபடி கையால குண்டு போடணுமாமே, அந்த ஓட்டைத் துப்பாக்கிக்கு எதுக்குடா இவ்ளோ காசு, புத்தி கெட்டுப்போச்சா"ன்னு ஒரு கேள்வி. போன்ல சொன்னா நீ குறுக்க குறுக்க பேசுவ, அதான் உக்காந்து டைப் பண்றேன்.

முதல்ல முட்டி. டாக்டர் சொன்னா பண்ணித் தொலை. என் மச்சினர் ரெண்டு வருஷம் தள்ளிப் போட்டு தள்ளிப் போட்டு கடைசில பண்ணாரு, இப்ப கிரிவலம் போயிட்டு வந்து போட்டோ அனுப்புறாரு. பாப்பா கல்யாணத்துக்கு முன்னாடி முடிச்சிரு, மண்டபத்துல வாசல்ல நின்னு வரவேற்க வேணாமா? இங்க அமெரிக்காவுல எல்லாரும் சௌக்கியம். ஆபீஸ்ல இன்னும் என்னை துரத்தல, அவ்ளோதான் நியூஸ்.

இப்ப துப்பாக்கிக்கு வரேன். 1987ல நம்ம என்சிசி கேம்ப் ஞாபகம் இருக்கா? தலைக்கு அஞ்சே அஞ்சு குண்டு, அந்த பாயிண்ட் டூ டூ ரைஃபிள்ல ஒவ்வொண்ணா கையால போட்டு சுடணும், பின்னாடி உஸ்தாத், அதான் நமக்கு பயிற்சி குடுத்த ராணுவக்காரர், நின்னுகிட்டு இந்தியில திட்டிகிட்டே இருப்பாரு. சுட்டு முடிச்சு போய் பாத்தா என் டார்கெட்ல ஆறு ஓட்டை, உன்னோடதுல நாலு. நீ இன்னிக்கு வரைக்கும் ஒத்துக்கல, ஆனா ஒண்ணு என் பலகையில சுட்டது நீதான். நான் சொல்ல வர்றது அது இல்ல. அந்த அஞ்சு ஷாட்டும் எனக்கு இன்னிக்கும் தனித்தனியா ஞாபகம் இருக்கு. மூணாவது சுடுறப்ப நீ தும்முன. நாலாவதுக்கு முன்னாடி கண்ணாடில வேர்வை இறங்கி, தொடைக்க கை எடுத்ததுக்கு உஸ்தாத் பூட்ஸ் காலால என் காலத் தட்டுனாரு.

மூணு வருஷம் முன்ன ஆபீஸ்ல டீம் அவுட்டிங்னு சொல்லி ஒரு ரேஞ்சுக்கு கூட்டிட்டுப் போனாங்க. கையில ஒரு நவீன ரைஃபிள குடுத்தான், மேகசின்ல 30 குண்டு, விரல அழுத்த அழுத்த டப் டப் டப்புன்னு ஒரு நிமிஷத்துல எல்லாம் காலி. எல்லாரும் கை தட்டுனாங்க. கார்ல வரும்போது யோசிக்கிறேன், அந்த முப்பதுல ஒண்ணு கூட நினைவில்ல. பொட்டலத்தோட பொரியை வாயில கொட்டிகிட்ட மாதிரி இருந்துச்சு, வயிறும் ரொம்பல ருசியும் தெரியல.

அன்னிக்கு அதே ரேஞ்ச்ல ஓரமா ஒரு பெரியவர், ரிட்டயர்டு ரயில்வேக்காரராம், நீளமா கனமா ஒரு துப்பாக்கிய வச்சுகிட்டு நாலஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவ டமால்னு ஒரு வெடி, உடனே வெள்ளப் புகை. அந்தப் புகை காத்துல மிதந்து என் பக்கம் வந்துச்சு பாரு, மாப்ள, தீபாவளி! விடிகாலைல எண்ணெய் தேச்சு குளிச்சுட்டு தெருவுக்கு வந்தா வருமே, அந்த வாசனை அப்படியே. கருப்பு மருந்து, வெடியுப்பு கந்தகம் கரி, சிவகாசிக்காரன் உனக்கு நான் சொல்லணுமா. காலு தானா அங்க போயிருச்சு. "ஒண்ணு சுட்டுப் பாக்குறியா"ன்னாரு. ஒண்ணுதான் குடுத்தாரு, கடன்காரனாயிட்டேன்.

அது 1874 மாடல் ஷார்ப்ஸ் ரைஃபிள். அசல் இல்ல, இத்தாலில இப்ப செய்யுற நகல், என்கிட்ட இருக்கறதும் அதேதான். இதுல ஒரு வேடிக்கை கேளு, பேட்டன்ட் வாங்குன கிறிஸ்டியன் ஷார்ப்ஸ் அந்த 1874லயே செத்துப் போயிட்டாரு, அதுக்கு ரொம்ப வருஷம் முன்னாடியே அந்தக் கம்பெனிய விட்டும் போயாச்சு, பேரு மட்டும் இன்னிக்கு வரைக்கும் ஓடுது. கம்பெனியும் 1881ல மூடியாச்சு. சுடுறது எப்படின்னா, கீழ ஒரு லீவர் இருக்கும், அதத் தள்ளுனா பின்பக்கம் ஒரு இரும்புக் கட்டை சரக்குன்னு கீழ இறங்கும். நம்ம விரல் நீளத்துக்கு ஒரு பித்தளைத் தோட்டா, அதை கட்டை விரலால உள்ள தள்ளணும், லீவர மேல இழுத்தா கட்டை ஏறி பாங்க் லாக்கர் மாதிரி மூடிக்கும். தோட்டாவத் தட்டி வெடிக்க வைக்கிற சுத்தியல பின்னாடி இழுக்கணும். விசை ரெண்டு இருக்கு, பின் விசைய இழுத்தா ஒரு க்ளிக், அதுக்கப்புறம் முன் விசை மேல விரல் பட்டாலே போதும், மூச்சு விட்டாலே வெடிச்சிருமோன்னு இருக்கும்.

தோட்டா பேரு 45-70. 0.45 அங்குல விட்டம், 70 கிரெயின் மருந்து (கிரெயின்ங்கறது ஒரு பழைய எடை அளவு), அதான் கணக்கு. 1873ல அமெரிக்க ராணுவத்துக்காக வந்தது, இன்னும் கடையில கிடைக்குது. ஆனா நான் ஊத்துற ஈயக் குண்டு 32 கிராம் பக்கம் வரும், கணக்குப் போட்டுப் பாரு, நாலு பவுன். நாலு பவுன் எடைய ஒவ்வொரு தடவையும் தூக்கி எறியிறோம்னு நெனச்சா யாருக்குடா சும்மா சும்மா சுட மனசு வரும்.

இதுல பெரிய விஷயமே நடுவுல கிடைக்கிற நேரம்தான். சுட்டுட்டா உடனே அடுத்தது சுட முடியாது. கருப்பு மருந்து எரிஞ்சா குழாய்க்குள்ள கெட்டியா கரி ஒட்டிக்கும், அது காய்ஞ்சு போச்சுன்னா அடுத்த குண்டு திசை மாறிப் போயிரும். அதுக்கு என்ன பண்றோம் தெரியுமா? ஒரு சின்னக் குழாய பின்பக்கம் சொருகி வாயால மெதுவா ஊதணும், மூணு நாலு மூச்சு, நம்ம வாயில இருக்கற ஈரம் போய் அந்தக் கரிய இளக்கும். எங்க அம்மாச்சி வெறகு அடுப்பு ஊதுமே, அதே ஊதாங்குழல்தான்! வெயில் ஜாஸ்தியா இருந்தா ஒரு மூச்சு கூட. எத்தனை மூச்சுன்னு எண்ணிகிட்டே ஊதும்போது மனசுல ஆபீசும் கிடையாது ஒரு மண்ணும் கிடையாது. அப்புறம் காத்து எந்தப் பக்கம்னு பாக்கணும், குறி பாக்குற சைட்ல அளவு சரியா இருக்கான்னு பாக்கணும், அதுக்கப்புறம்தான் லீவர். தப்பாச்சுன்னா உடனே இன்னொண்ணு அடிச்சு சரிக்கட்டலாங்கற நெனப்பே வராது, மூணு நிமிஷம் அந்தத் தப்போடயே உக்காந்திருக்கணும்.

அடுத்து நீ கண்ணு பத்தி கேப்ப. சோடாபுட்டிக்கு எப்படிடா அரை கிலோமீட்டர் தெரியும்னு. இதுல லென்ஸ் கிடையாது, பின்பக்கம் ஏணி மாதிரி நிக்கிற ஒரு சைட், அதுல ஊசித்துளை மாதிரி ஒரு ஓட்டை. எட்டாங்கிளாஸ்ல கண்ணாடி போடுறதுக்கு முன்னாடி நான் ஆள்காட்டி விரல மடக்கி ஓட்டை பண்ணி அது வழியா போர்டு படிப்பேனே, வாத்தியார் கிண்டல் பண்றேன்னு நெனச்சு அடிச்சாரே, அதே டெக்னிக். சின்ன ஓட்டை வழியா பாத்தா வயசான கண்ணுக்கும் எல்லாம் தெளிவாயிரும். அன்னிக்கு வாங்குன அடி இப்ப வேலைக்கு ஆகுது.

போன மாசம் நியூ மெக்சிகோல ராட்டோன் பக்கம் விட்டிங்டன் சென்டர்னு ஒரு பெரிய ரேஞ்ச், டென்வர்ல இருந்து தெக்கே மூணரை மணி நேர டிரைவ், அங்க ஒரு போட்டிக்குப் போனேன். இரும்புத் தகட்டுல வெட்டுன மிருகங்கள நிக்க வச்சிருப்பாங்க, 200 மீட்டர்ல கோழி, 300ல காட்டுப்பன்னி, 385ல வான்கோழி, 500ல செம்மறிக்கிடா. ஒவ்வொண்ணுக்கும் பத்து குண்டு, மொத்தம் 40. ஆட்டம் மெக்சிகோவுல இருந்து வந்தது, அங்க அந்தக் காலத்துல திருவிழால நெஜ ஆடு கோழியையே தூரத்துல கட்டி வச்சு சுடுவாங்களாம், அப்புறம்தான் இரும்புக்கு மாறுனாங்க. கோழிய நின்னுகிட்டே சுடணும், கையில அஞ்சரை கிலோ கனம், எனக்கு பத்துக்கு பூஜ்யம், அதப் பத்தி பேச வேணாம்.

கிடா தான் விஷயமே. அரை கிலோமீட்டர் தூரத்துக்கு இந்தக் குண்டு போய்ச் சேர ஒன்றரை செகண்டுக்கு மேல ஆகும், போற வழியில ஒரு தென்னமர உசரத்துக்கு கீழ இறங்கிரும், அத்தனையும் கணக்குப் பண்ணி குழாய மேல தூக்கி வைக்கணும். சுட்டதும் புகை. சுட்டவனுக்கு ஒண்ணுமே தெரியாது. பக்கத்துல ஒருத்தன் டெலஸ்கோப் வச்சுகிட்டு உக்காந்திருப்பான், ஸ்பாட்டர்னு பேரு, அவன்தான் நம்ம கண்ணு. வெயில்ல கானல் ஓடும்ல, அது எந்தப் பக்கம் சாயுதுன்னு பாத்து காத்து சொல்லுவான், குண்டு விழுந்த இடத்துல புழுதி பாத்து "ஒரு அடி இடது"ம்பான். புகைக்குள்ள கண்ண மூடிகிட்டு காத்திருப்பேன், வெடிச்சு ஏறக்குறைய மூணு செகண்ட் கழிச்சு அந்தப் பக்கத்துல இருந்து டங்...னு ஒரு சத்தம் வரும் பாரு, கோயில் மணி தூரத்துல கேக்குற மாதிரி. அதுக்குத்தான்டா இவ்ளோ காசும்.

எனக்கு அன்னிக்கு ஸ்பாட்டர் அந்த ரயில்வே பெரியவர். மூணாவது கிடா சுட்டேன், டங்னு விழுந்துச்சு, நான் குதிக்காத குறை. பெரியவர் டெலஸ்கோப்புல இருந்து கண்ணே எடுக்கல. "நல்ல ஷாட்டு, ஆனா அது பக்கத்து வரிசைக்காரனோட கிடா"ன்னாரு. பக்கத்து வரிசைல இருந்தவன் தொப்பியக் கழட்டி எனக்கு சலாம் போடுறான். அப்ப யார் மூஞ்சி ஞாபகம் வந்திருக்கும்னு நெனக்கிற? உன் மூஞ்சிதான்.

நான் தொங்கிப் போயி உக்காந்திருந்தப்ப பெரியவர் ஒரு கதை சொன்னாரு. 1874 செப்டம்பர்ல நியூயார்க் பக்கத்துல கிரீட்மூர்ங்கற இடத்துல அயர்லாந்துக்கும் அமெரிக்காவுக்கும் பெரிய போட்டி, டீமுக்கு ஆறு பேர், 800, 900, 1000 கஜம். அயர்லாந்துக்காரங்க அப்ப பெரிய ஜாம்பவான்கள், அவங்க துப்பாக்கில மருந்தும் குண்டும் வாய்ப்பக்கத்துல இருந்து போட்டு இடிக்கணும். அமெரிக்காக்காரங்க ரெமிங்டனும் ஷார்ப்ஸும், பின்பக்கம் தோட்டா போடுற இந்த ரகம், அப்ப புதுசு. அயர்லாந்து டீம்ல மில்னர்னு ஒருத்தர் நட்ட நடுவுல ஒண்ணு அடிச்சாரு, ஆனா பக்கத்து பலகையில. நாலு பாயிண்ட், பூஜ்யமாயிருச்சு. கடைசி ஷாட் அமெரிக்காவோட ஜான் போடீன், அவருக்கு கொஞ்ச நேரம் முன்னாடிதான் ஜிஞ்சர் பீர் பாட்டில் வெடிச்சு கையில கண்ணாடி கிழிச்சிருந்துச்சு, கைக்குட்டைய சுத்திகிட்டே படுத்து நடுவுல அடிச்சாரு. 934க்கு 931. அயர்லாந்துக்காரங்க மூணு பாயிண்ட்ல தோத்தாங்க, மில்னர் விட்ட அந்த நாலு பாயிண்ட் இருந்திருந்தா கதையே வேற. அதனால நீ அன்னிக்கு என் பலகையில சுட்டதுக்கு வரலாற்றுலயே ஆதாரம் இருக்கு, இனிமேலாவது ஒத்துக்க.

ஒரு விஷயம் மட்டும் உறுத்தும். இதே துப்பாக்கிங்கள வச்சுத்தான் 1870கள்ல காட்டெருமைய கொன்னு குவிச்சாங்க. கோடிக்கணக்குல இருந்த ஜீவன், பத்து பதினஞ்சு வருஷத்துல சில நூறாயிருச்சு. தோல் உரிச்சுகிட்டு உடம்ப அப்படியே வெயில்ல அழுகப் போட்டுட்டுப் போனானுங்க, அத நம்பி இருந்த பூர்வகுடி ஜனங்க பட்டினியில பணிஞ்சாங்க. ஒத்தக் குண்டு மனுஷனை நிதானமாக்கும்னு நான் பேசிகிட்டு இருக்கேன், அவனுங்களும் நிதானமாத்தான் ஒவ்வொண்ணா சுட்டானுங்க. இதுக்கு என்கிட்ட பதில் இல்ல. நான் உயிர சுடுறதில்ல, அவ்ளோதான். தங்கச்சி கேட்டுச்சாமே, ஸ்கூல்ல சுடுறானுங்களே அந்த ஊருல இருந்துகிட்டு இது தேவையான்னு. நியாயமான கேள்வி. அந்த மாதிரி செய்தி வந்தா அந்த வாரம் நான் பெட்டியத் திறக்கறதே இல்ல.

வீட்டம்மா கொஞ்ச நாள் முறைச்சா. கராஜ்ல காரீயம் இருபது பங்கு வெள்ளீயம் ஒரு பங்கு உருக்கி அச்சுல ஊத்திகிட்டு இருந்தேனா, எட்டிப் பாத்துட்டு "எம்டெக் படிச்சு கடைசியில ஈயம் பூசுறவரா ஆயிட்டீங்க"ன்னுட்டுப் போயிட்டா. நம்ம தெருவுல வருவாரே, துருத்தி வச்சுகிட்டு, அவர நெனச்சு சிரிச்சுகிட்டேன். சுட்டு முடிச்ச தோட்டாவோட பித்தளைக் கேஸ் எல்லாம் அன்னிக்கே கழுவணும், இல்லேன்னா கறுத்துப் போயிரும். புளி போட்டுத் தேச்சேன், குத்துவிளக்கு கணக்கா மின்னுது, ரேஞ்ச்ல எல்லாரும் என்ன கெமிக்கல்னு கேக்குறானுங்க. இதெல்லாம் தனி பக்கெட், சமையக்கட்டுக்குள்ள வரக்கூடாதுன்னு வீட்டு ஆர்டர்.

சரி, ஜனவரில வரேன், டிக்கெட் போட்டாச்சு. பாப்பா கல்யாணத்துக்கு ஒரு வாரம் முன்னாடியே வந்து பந்தி வேலை பாக்குறேன். நீ முட்டி சரியானதும் அடுத்த கோடைல இங்க வா, படுத்து சுடச் சொல்ல மாட்டேன், டெலஸ்கோப் பக்கத்துல நாற்காலி போட்டு உக்கார வைக்கிறேன், உனக்குத்தான் குறை கண்டுபிடிக்க நல்லா வருமே. இன்னொண்ணு, கடைத்தெருல பாத்திரக்கடைல பித்தளை ஊதாங்குழல் இன்னும் விக்கிறானான்னு பாரு. கிடைச்சா ஒண்ணு வாங்கி வை. துப்பாக்கில பொருந்தாது, பெரியவருக்குக் காட்டணும்.

இப்படிக்கு,
கண்ணாடி