சென்னை அமெச்சூர் கோல்ஃப் ஆட்டக்காரர்கள்: செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழுவினரே, உறுப்பினர்களே, வணக்கம்.

ரேஞ்சில் (பந்தடிக்கும் பயிற்சித் திடலில்) ஒருவருக்கு 100 பந்து என்றிருந்ததை 50 ஆக்கியதுதான் இந்த ஆண்டில் நாம் எடுத்த பெரிய முடிவு. அதைப் பற்றிய முணுமுணுப்பு இன்னும் ஓயவில்லை என்பதால் காரணத்தை இங்கே பதிவு செய்கிறேன்.

100 பந்தை முக்கால் மணி நேரத்தில் அடித்துத் தள்ளினால் ஒரு பந்துக்கு அரை நிமிடம்கூடக் கிடைக்காது. அதே 7 அயர்ன் (நடுத்தரத் தூரத்துக்கான கிளப், அதாவது கோல்ஃப் மட்டை), அதே திசை, அதே ரப்பர் மேட். பதினைந்தாவது பந்துக்குமேல் எல்லாம் நேராகப் போகும். அதைப் பார்த்து மனம் குளிர்ந்து வீட்டுக்குப் போகிறோம். மைதானத்திலோ ஒரே அடியைப் பதினைந்து முறை அடிக்க யாரும் விடுவதில்லை.

இப்போதைய முறை இது. முதல் 10 பந்து வெட்ஜில் (பந்தை உயரத் தூக்கும் குறுந்தூரக் கிளப்), பாதி வீச்சில், உடம்பைச் சூடாக்க மட்டும். அடுத்த 20 பந்தில் ஒரே ஒரு குறையைத் திருத்துவது. கடைசி 20 பந்தில் ஒவ்வொன்றுக்கும் கிளப்பும் இலக்கும் மாற வேண்டும்: டிரைவர் (மிகத் தொலைவுக்கான கிளப்), 7 அயர்ன், வெட்ஜ் என்று ஒரு குழியை மனத்திலேயே ஆட வேண்டும். ஒவ்வொரு முறையும் பந்துக்குப் பின்னால் போய் நின்று இலக்கைப் பார்த்த பிறகே அடி. சலிப்பான வேலைதான், ஆனால் பலன் இந்த 20 பந்தில்தான் இருக்கிறது.

நடு 20 பந்துக்குத் தரையில் இரண்டு குச்சிகள் வையுங்கள். ஒன்று இலக்கை நோக்கி, மற்றது பாதங்களின் முன் அதற்கு இணையாக. வலக்கை ஆட்டக்காரர்கள் பலர் பாதங்களையே கொடியை நோக்கி வைக்கிறார்கள். அப்போது கிளப் முகம் கொடிக்கு வலப்புறம் பார்க்கும். அதைச் சரிக்கட்டத் தோளை இடப்பக்கம் இழுத்து அடிக்கப் போய், நின்ற தவறு வீச்சுத் தவறாகிவிடுகிறது. இடக்கைக்காரர்கள் திருப்பிப் படித்துக்கொள்ளவும்.

ரப்பர் மேட் ஒரு முகஸ்துதிக்காரன். கிளப் பந்துக்கு 2 அங்குலம் பின்னால் பட்டாலும் ரப்பரில் வழுக்கி வந்து பந்தைத் தூக்கிவிடும். அதே அடி புல்லில் மண்ணைக் கிளறும், பந்து பாதி வழியில் விழும். பந்துக்கு 4 அங்குலம் பின்னால் ஒரு துண்டை மடித்துப் போடுங்கள். அயர்ன் அடிக்கும்போது துண்டு நகர்ந்தால் குட்டு வெளிப்பட்டது. இன்னொன்று: தேய்ந்த ரேஞ்ச் பந்துகள் வழக்கமாகக் குறைவாகவே பறக்கும், எனவே அங்கே அளந்த தூரத்தை நம்பி மைதானத்தில் கிளப் எடுக்க வேண்டாம்.

மிச்சமான நேரம் பட்டருக்கு, அதாவது பந்தைக் குழிக்குள் உருட்டும் கிளப்புக்கு. (கோயில் பட்டர் அல்ல.) குழியின் விட்டம் 4.25 அங்குலம். 10 அடி தூரத்தில் பட்டர் முகம் 1 பாகை திறந்தால் பந்து சுமார் 2 அங்குலம் விலகும். குழியின் பாதி அகலமே அவ்வளவுதான். ஆகவே 3 அடி தூரத்தில், பட்டர் தலை மயிரிழையில் நுழையும்படி இரண்டு டீ குச்சிகளை ஊன்றி, குழியின் நான்கு பக்கத்திலிருந்தும் தொடர்ந்து 10 பந்து விழும்வரை பழகுங்கள். ஒன்று தவறினால் மறுபடி ஒன்றிலிருந்து. பிறகு 20, 30, 40 அடியிலிருந்து குழியைச் சுற்றி 3 அடிக்குள் நிறுத்தும் பயிற்சி. அங்கே திசையைவிட வேகம்தான் நம்மைக் கவிழ்க்கிறது.

நம் ஊர் வெயிலுக்கு ஒரு தனிக் குறிப்பு. கத்திரி வெயில் காலத்தில் பயிற்சி காலை 6 மணிக்கே. வியர்வையில் பிடி வழுக்கும். வழுக்குகிறதே என்று இறுக்கினால் முன்கை விறைத்து, கிளப் முகம் மூடாமல் பந்து வலப்பக்கம் வளையும். இரண்டு கையுறைகளை மாற்றி மாற்றிப் போட்டு, நிழலில் காயவையுங்கள். கார் டிக்கியில் வைத்தால் தோல் அப்பளமாகிவிடும். கிளப் பிடிகளை வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் அவ்வப்போது துடையுங்கள். கடற்காற்று எழுந்தபின் கிழக்கு நோக்கி அடிக்கும்போது வழக்கத்தைவிட ஒரு படி அதிக தூரம் போகும் கிளப்பை எடுத்து மெதுவாக வீசவும். ஓங்கி அடித்தால் பந்தில் சுழற்சி கூடி, மேலே ஏறி, அங்கேயே நின்றுவிடும். ஐப்பசி, கார்த்திகை மழையில் வீட்டுக் கம்பளத்தில் பட்டர் பழகலாம்.

விதி வகுப்பு வழக்கம்போல் நடந்தது. காணாமல் போன பந்தைத் தேடும் நேரம் 3 நிமிடம், மறுபடி ஆடப் பந்தைக் கீழே விடுவது முழங்கால் உயரத்திலிருந்து, பையில் 14 கிளப்புக்கு மேல் கூடாது. இவற்றில் முதல் இரண்டும் 2019-இல் வந்த மாற்றங்கள், அவற்றை இன்னும் 'புது விதி' என்றே சிலர் சொல்கிறார்கள்.

ஒரு குறையையும் சொல்லியாக வேண்டும். கொடுத்த குறிப்பேட்டில் நன்றாக ஆடிய நாள்கள் மட்டுமே நிரம்பியிருக்கின்றன. ஹேண்டிகேப் (ஆட்டக்காரரின் திறனைக் காட்டும் எண்) கணக்கு கடைசி 20 ஆட்டங்களில் சிறந்த 8-ஐ எடுக்கிறது. மோசமான ஆட்டங்களை அதுவே ஒதுக்கிக்கொள்ளும், நாம் ஒளிக்கத் தேவையில்லை. பந்து விழுந்த ஃபேர்வே (புல் வெட்டிய நடுப்பாதை), கிரீன் (குழியைச் சுற்றிய வழவழப்பான புல்தரை), பட்டர் அடிகள், தண்டனை அடிகள் என்று நான்கே எண்களை ஒவ்வொரு ஆட்டத்துக்கும் எழுதினால் போதும். அடுத்த மாதம் எந்தக் குறைக்கு 20 பந்து என்பதை அந்த நான்கு எண்களே சொல்லும்.

வரவு செலவைப் பொருளாளர் தனியே படிப்பார். அதில் வரும் 'கேடி கூலி' என்பது பை தூக்கியவர்களுக்கு நியாயமாகக் கொடுத்த பணம்தான். தணிக்கையாளர் பதற வேண்டாம். தேய்ந்த மேட்களை மாற்றவும், குச்சிகள் வாங்கவும் ஒப்புதல் கோருகிறோம். பந்து எண்ணிக்கையை மீண்டும் 100 ஆக்கக் கோரும் மனு ஒன்றும் வந்துள்ளது. அதைச் செயற்குழு பரிந்துரைக்கவில்லை.

அறிக்கையை ஏற்றுக்கொள்ளுமாறு பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்