ஆணையராகப் பொறுப்பேற்ற மகளுக்கு

அன்புள்ள மகளுக்கு,

நீ நகராட்சி ஆணையராகப் பொறுப்பேற்ற மகிழ்ச்சியை அப்பா தொலைபேசியிலேயே சொல்லி முடித்துவிட்டார். பேரூராட்சி மன்றத்தில் உறுப்பினராக இருந்து பார்த்தவள் என்ற முறையில், எனக்குச் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. உறுப்பினர் கேட்பது விதிக்குள் வராது என்றால், அதை முகத்துக்கு நேரே பணிவாகச் சொல்லி, காரணத்தைக் கோப்பிலும் எழுதிவிடு. எங்களுக்கு நீ செய்யக்கூடிய பெரிய உதவி அதுதான்.

நம் கடற்கரையில் நிலத்தடி நீர் உப்பாக இருப்பதால், காவிரிக் கூட்டுக் குடிநீர் வராத நாளில் குடம் குடமாகக் காசு கொடுத்துத்தான் வாங்குகிறோம் என்பது உனக்குத் தெரியும். எந்தத் தெருவுக்கு எந்த நாள் வால்வைத் திறப்பது என்பது இங்கே ஒரு மீனவக் குடும்பத்தின் அன்றைய கூலியைத் தொடும் முடிவு. 2022 தேர்தலுக்குப் பிறகு மன்றம் கூடியபோது, வாக்களித்தவர்கள் எங்கள் ஒவ்வொருவரிடமும் எதிர்பார்த்தது தங்கள் தெருவுக்கு முதலில் தண்ணீர் என்பதைத்தான். அப்போதிருந்த செயல் அலுவலர், எந்தத் தெருவில் எத்தனை இணைப்பு, எது மேடு, எது பள்ளம் என்று கணக்கெடுத்து, முறைப்பட்டியலை அலுவலக வாசலில் ஒட்டிவைத்தார். அதன்பின் பட்டியலில் எதைத் திருத்தலாம் என்றுதான் நாங்கள் வாதாடினோமே தவிர, ஆளைப் பிடித்து வால்வைத் திறக்கச் சொல்லும் வழக்கம் நின்றுபோனது.

ஒப்பந்தப்புள்ளிகளில் வெளிப்படைத்தன்மைக்கான சட்டம் 1998-லேயே வந்துவிட்டது. ஆனாலும், பொது ஒப்பந்தப்புள்ளியைத் தவிர்க்க, ஒரே சாலையைத் துண்டு துண்டாக மதிப்பீடு போட்டு வேண்டியவருக்குக் கொடுக்கும் யோசனை என்றாவது உன் மேசைக்கு வரும். அவசரம் என்ற சொல்லோடுதான் வரும். கணக்குத் தணிக்கையில் ஆட்சேபம் எழும்போது யோசனை சொன்னவர் இருக்க மாட்டார். உன் கையெழுத்து இருக்கும்.

மன்றத்தையும் நீ மதிக்க வேண்டும். 2016-இல் பதவிக்காலம் முடிந்த நகர்ப்புற உள்ளாட்சிகளுக்கு 2022 பிப்ரவரியில்தான் தேர்தல் நடந்தது. அதுவரை, மன்றத்துக்குப் பதிலாக அரசு அமர்த்திய தனி அலுவலர்களே தீர்மானித்து, அவர்களே நிறைவேற்றினார்கள். அவர்களில் திறமையானவர்கள் இருந்தார்கள். ஆயினும், மழைநீர் தேங்கிய தெருவிலிருந்து ஒருத்தி உரிமையோடு போய்க் கேட்பதற்கு, அவள் வாக்கால் வந்தவர் என்று ஒருவரும் இல்லை.

உன்னைப் போல நகர நிர்வாகத்தை நடத்தும் அமெரிக்க நகர மேலாளர்கள் 1914-இல் சங்கம் அமைத்து, 1924-இல் தமக்கென நெறிமுறை வகுத்துக்கொண்டதைத் தேர்வுக்குப் படிக்கும்போது நீதான் எனக்குச் சொன்னாய். மன்றம் கொள்கையை முடிவு செய்யும்; மேலாளர் உண்மை விவரங்களையும் ஆலோசனையையும் தந்து அதை நிறைவேற்றுவார், கட்சி அரசியலில் இறங்கமாட்டார் என்பதே அதன் சாரம். அங்கே மேலாளரை மன்றமே நியமிக்கிறது. இங்கே உன்னை நியமிப்பது அரசு என்பதால், மன்றத்தை ஒதுக்கிவிட்டு நடக்கும் ஆசை எளிதில் வரும். அதற்கு இடம் கொடாதே.

ஒப்பந்ததாரர் வீட்டிலிருந்து தீபாவளிக்கு இனிப்புப் பெட்டி வந்தாலும் திருப்பி அனுப்பிவிடு. நேர்மையாக எழுதிய குறிப்புக்காக இடமாற்ற உத்தரவு வந்தால், பொறுப்பை ஒப்படைக்கும் முன் கோப்புகளை முழுமையாக்கிவிட்டு எங்களுக்குச் சொல். சாமான் கட்ட நானும் அப்பாவும் வருகிறோம்.

அன்புடன்,
அம்மா