கொத்தனார் அண்ணாச்சிக்கும் கூட நின்ற எல்லாருக்கும்

அன்புள்ள ஊர்க்காரர்களுக்கும் சுற்று வட்டாரத்து அண்ணாச்சிமார், அக்காமார் எல்லாருக்கும் வணக்கம்.

மாற்றுத்திறனாளிகள் நாங்கள் சேர்ந்து பை தைக்கும் நம்ம தையற்கூடம் திங்கட்கிழமை புது இடத்தில் திரும்பவும் திறந்துவிட்டது. எல்லா மெஷினும் ஓடுகிறது. பூட்டு விழுந்ததும் அதற்கப்புறம் நாங்கள் பட்டதும் உங்களுக்குத் தெரியும். அதையெல்லாம் திரும்ப எழுத எனக்குத் தெம்பில்லை. இனி வேலை இல்லை என்று வீட்டுக்குள் முடங்கிப்போன பிள்ளைகள் இன்றைக்குக் கத்தரிக்கோலும் கையுமாக இருக்கிறார்கள். இந்தச் சந்தோஷம் ஆறுவதற்குள் நன்றி சொல்லிவிட வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன்.

யார் யாரோ எவ்வளவோ செய்தீர்கள். ஆனாலும் நினைத்தவுடன் முதலில் கண்முன் வருவது கொத்தனார் அண்ணாச்சிதான். பேர் போடக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். சரி, போடவில்லை. ஆள் யாரென்று உங்களுக்கே தெரியும்.

புது இடம் அந்தக் காலத்து வீடு. காற்றும் வெளிச்சமும் தாராளம். ஆனால் தெருவிலிருந்து திண்ணை ஒன்றரை அடி உயரம், மூன்று படி. எங்களில் இரண்டு பேர் வீல்சேரில் வருகிறவர்கள். நானும் இன்னும் சிலரும் காலுக்குத் தாங்கலாகக் காலிப்பர் போட்டு ஊன்றுகோலோடு நடக்கிறவர்கள். படிக்கு மேல் ஒரு சாய்தளம் வேண்டும் என்று அண்ணாச்சியிடம் சொல்லிவிட்டு நான் வங்கிக்குப் போய்விட்டேன். அவரும் எல்லா இடத்திலும் போடுவதுபோல ஆறடி நீளத்தில் கட்டிப் பூசிவிட்டார். நம்ம பக்கத்துக் கட்டிடங்களில் சாய்தளம் என்று இருப்பதெல்லாம் பெரும்பாலும் அப்படித்தான் நிற்கிறது.

பூச்சு இறுகியதும் வந்து பார்த்தவர், "அந்த வண்டியைக் கொஞ்சம் கொடு" என்று வீல்சேரை வாங்கி அதில் உட்கார்ந்துவிட்டார். தள்ள வந்த சித்தாளை விலகச் சொன்னார். இரண்டு கையாலும் சக்கரத்தை உந்தினார். செங்கல் சுமந்து காய்த்த கை அது. பாதி ஏறுவதற்குள் வண்டி பின்னால் சரிந்தது. மறுபடி உந்தினார், மறுபடி சரிந்தது. கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் என்னைப் பார்த்து, "ஒருத்தர் தள்ளினாத்தான் ஏறும்னா இது எதுக்கு தங்கச்சி? தானா ஏறணும்னா எவ்வளவு நீளம் வேணும்?" என்று கேட்டார்.

ஓரடி உயரம் ஏறக் குறைந்தது பன்னிரண்டடி நீளம் ஓட வேண்டும், அதுதான் கணக்கு என்றேன். "அப்போ பதினெட்டடில்லா வருது" என்று முற்றத்தை ஒரு சுற்றுப் பார்த்தார். அவ்வளவு நீளத்துக்கு நேராக இடமில்லை. சுவரோரமாக ஒன்பதடி, மூலையில் வண்டி திரும்ப அஞ்சடிக்கு அஞ்சடி மேடை, அங்கிருந்து திரும்பி ஒன்பதடி என்று சாக்பீஸால் தரையிலேயே கோடு போட்டார். போட்டுவிட்டுச் சம்மட்டியை எடுத்தார். தன் கையால் கட்டியதைத் தானே உடைத்தார். அவரிடம் யாரும் உடைக்கச் சொல்லவில்லை.

இரண்டாவது தடவை ரசமட்டம் வைத்து ஒவ்வொரு வரிசையாகப் பார்த்துக் கட்டினார். சக்கரம் ஓரத்தில் இறங்கிவிடாமல் இரண்டு பக்கமும் சின்ன வரம்பு வைத்தார். சாரல் காலத்தில் வழுக்கும் என்று ஈரப் பூச்சின் மேல் தென்னங்குச்சி விளக்குமாற்றால் குறுக்கே கோடு இழுத்துவிட்டார். அந்தச் சொரசொரப்பு ஊன்றுகோலுக்கு எவ்வளவு பெரிய உதவி என்பது ஊன்றுகிறவளுக்குத்தான் தெரியும். கூலியை நீட்டியபோது முதல் தடவைக்கு மட்டும் வாங்கிக்கொண்டார்.

மற்றவர்களுக்கும் நன்றி சொல்ல வேண்டும். வாடகை பேசாமல் சாவியைக் கொடுத்த பெரியம்மா, சாய்தளத்துக்குக் கைப்பிடிக் குழாய் பற்றவைத்துத் தந்த வெல்டிங் பட்டறைத் தம்பிகள், மெஷின்களைத் தூக்கி வந்த கல்லூரிப் பிள்ளைகள், குழுக் கடனுக்குக் கையெழுத்துப் போட்ட அக்காமார், மஞ்சப்பை தைக்க முன்பணம் தந்த பாவூர்சத்திரம் சந்தைக் கடைக்காரர், அடையாள அட்டையைப் புதுப்பிக்க லீவு நாளிலும் வந்து உட்கார்ந்த அலுவலக ஊழியர், எங்கள் வாசலிலேயே நிறுத்தி எல்லாரும் ஏறும்வரை ஹாரன் அடிக்காமல் காத்திருக்கும் மினி பஸ் ஓட்டுநர், நடத்துநர். ஒருவரையும் மறக்க மாட்டோம்.

இந்த மாதங்களில் நிறைய யோசித்தேன். நம்ம பக்கம் கால் முடியாத பெண் என்றால் பீடித் தட்டை மடியில் வைத்து வீட்டோடு உட்கார வைப்பதுதான் வழக்கம். பீடி சுற்றித்தான் பல வீடுகளில் உலை கொதிக்கிறது, அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் காலையில் தலை வாரி, பஸ் ஏறி, நாலு பேரோடு பேசிச் சிரித்து வேலை பார்த்துவிட்டு வருவது வேறு வாழ்க்கை. எங்களிடம் பார்வை இல்லாத தம்பி ஒருவன் இருக்கிறான். தைத்த பையைத் திருப்பி, காதை இழுத்துப் பார்த்து, எண்ணிக் கட்டுவது அவன் பொறுப்பு. ஒரு தையல் விட்டிருந்தாலும் அவன் விரல் கண்டுபிடித்துவிடும். வேலை இல்லாமல் இருந்த நாட்களில் அவன் யாரோடும் பேசவே இல்லை என்று அவன் அம்மா சொன்னார்.

எங்களுக்கென்று சட்டம் இல்லாமல் இல்லை. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் அரசு வேலையில் 4 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. நூறு நாள் வேலையில் நாலு மணி நேரம் பார்த்தாலே முழுக்கூலி என்று நம் மாநிலத்தில் ஆணை போட்டார்கள், சங்கம் வைத்துப் போராடியவர்களின் உழைப்பு அதில் இருக்கிறது. இதே தென்காசி மாவட்டத்தில், கழுத்துக்குக் கீழ் செயலிழந்த நிலையிலும் ராமகிருஷ்ணன் ஐயா 1981ல் ஆய்க்குடியில் மாற்றுத்திறனாளிகளுக்காக அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். இவ்வளவு இருந்தும், வாசலில் மூன்று படி இருந்தால் எங்கள் வேலை தெருவோடு நின்றுவிடுகிறது. இனி உள்ளாட்சியிலும் மாற்றுத்திறனாளி ஒருவர் நியமன உறுப்பினராக உட்கார வழிசெய்து 2025 ஏப்ரலில் சட்டசபையில் திருத்தம் நிறைவேறியது. அப்படி வருகிற உறுப்பினர் யார் தயவும் இல்லாமல் ஊராட்சி அலுவலகத்துக்குள் போக வேண்டாமா?

அதனால் நாங்கள் கூடிப் பேசி ஒரு முடிவு எடுத்திருக்கிறோம். சுற்றுப்பட்டு ஊர்களில் ஊராட்சிக் கட்டிடமோ, ரேஷன் கடையோ, பள்ளிக்கூடமோ எங்கே கட்டினாலும் அஸ்திவாரம் போடும்போதே டேப்போடும் ஒரு வீல்சேரோடும் போய் நிற்பது. சண்டை போடுவதற்காக இல்லை. கட்டுகிறவரை அந்த வண்டியில் ஒரு தடவை உட்காரச் சொல்வதற்காக. கொத்தனார் அண்ணாச்சி கூட வருகிறேன் என்றிருக்கிறார்.

இன்னொன்று. பொங்கலுக்குள் பை ஆர்டர் கூடும் என்று சொல்கிறார்கள், வெட்டவும் தைக்கவும் ஆள் வேண்டும். உங்கள் தெருவில் வேலை தேடும் மாற்றுத்திறனாளி யாராவது இருந்தால் சொல்லி அனுப்புங்கள். தையல் தெரியாவிட்டால் நாங்கள் சொல்லித் தருகிறோம். காலை மினி பஸ்ஸில் ஏற்றிவிட்டால் போதும், வாசலில் இறக்கிவிடுவார்கள்.

இப்படிக்கு,
தையற்கூடத்துப் பிள்ளைகள் எல்லார் சார்பிலும்,
உங்கள் சகோதரி